நாலாவது மாடியில் ஒரு பரிசல்

ரோஸ்மேரிக்கு அந்த வேலை கிடைக்கக் காரணம் ஒரு காளை. டி-ஷர்ட்டின் நெஞ்சில், கட்டைவிரல் நகம் அளவுக்கு நூலால் தைத்த காங்கேயம் காளை.

2005ஆம் வருடம். வீரபாண்டியில் எங்கள் கம்பெனியான ரங்காத்தாள் நிட்ஸில், எம்ப்ராய்டரி செக்‌ஷனில் அவள் பஞ்சிங் செய்துகொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகப் போட்டுக் கொடுக்கும் வேலை அது. அதை மெஷினில் ஏற்றினால் இருபது ஊசியும் ஒரே நேரத்தில் அதே படத்தைத் தைக்கும். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

முதலாளி ஆத்தப்பனின் மகன் தரணீதரன் ஒரு நாள் செக்கிங் டேபிள் பக்கம் போனவர், அந்தச் சாம்பிளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

“இது யாருங்க பண்ணுனது?”

ஏதோ புகார் வந்துவிட்டது என்று ரோஸ்மேரி எழுந்து நின்றாள். “நாந்தான் சார். தப்பா இருந்தா மாத்திடுதேன்.”

“மாத்தீராதீங்க. இத்தனூண்டு எடத்துல மாட்டுக்குக் கோவம் வந்திருக்குது பாருங்க. நாளையிலிருந்து நீங்க நாலாவது மாடிக்கு வந்துருங்க.”

நான் அதே கம்பெனியில் ஹெச்.ஆர். பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் மோனிஷா. அவளை நாலாவது மாடிக்கு மாற்றிய தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஆனால் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதியை நாலு வருடம் கழித்து அவள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நாலு வருடமும் அவள் எனக்கு இரண்டு மாடி மேலேதான் இருந்தாள்.

ரோஸ்மேரியின் அப்பா தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை பார்த்தவர். வெள்ளை உப்பில் விழும் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிய பிறகு, மனைவி, மகன், மகளோடு திருப்பூர் வந்துவிட்டார். ரோஸ்மேரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் முதலில் பீஸ் மடித்தாள், பிறகு செக்கிங் பார்த்தாள், சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்ப் பஞ்சிங் கற்றுக்கொண்டாள். அப்பா இறந்தார். அண்ணன் அந்தோணிராஜ் கல்யாணம் முடித்துத் தூத்துக்குடிக்கே திரும்பிப் போனான். அடுத்த வருடம் அம்மாவையும் அழைத்துக்கொண்டான். “நீயும் வந்துரு” என்று ஒரு தடவை சொன்னான். வேலை நன்றாகப் போகிறது என்றாள். அவன் மறுபடி சொல்லவில்லை. இரண்டு வரன் வந்து, இரண்டும் ஏதேதோ காரணத்தில் நின்றுபோயின. அப்புறம் அந்தப் பேச்சும் ஓய்ந்தது. ஒரே ஓட்டின் கீழ் எட்டுக் குடும்பம் இருக்கும் லைன் வீட்டில் ஓர் அறை, பொதுக் குழாய், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை. அதுதான் அவளுடைய திருப்பூர்.

தரணீதரனுக்குச் சினிமா ஆசை. பனியன் ஏற்றுமதியில் அப்பா சேர்த்த பேரை வைத்து ‘வெண்ணூல் மூவிஸ்’ என்று ஒரு படக் கம்பெனி தொடங்கியிருந்தார். முதல் படம், ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவன் ரவுடிகளை அடிக்கும் கதை. படப்பிடிப்பு பாதி நடக்கும்போது ஜெர்மனிக்கு ஒரு கண்காட்சிக்குப் போனவர், அங்கே டிராமில் போகிறவர்கள் எல்லாம் செல்போனில் விளையாடுவதைப் பார்த்தார். படம் வெளிவரும் அன்றே அதே கதையைக் கேமாகச் செல்போனில் விட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். கோயமுத்தூரில் கேட்டார், சென்னையில் கேட்டார். அவர்கள் சொன்ன காலக்கெடு சரிப்படவில்லை. “நாமளே பண்ணிக்கலாமுங்க” என்று நாலாவது மாடியில், அட்டைப்பெட்டி அடுக்கியிருந்த ஹாலைக் காலி செய்து, மூன்று கம்ப்யூட்டர் போட்டு, கதவில் ‘வெண்ணூல் கேம்ஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார். தையல் புள்ளி போடத் தெரிந்தவளுக்குக் கேம் புள்ளி போடத் தெரியாதா என்பது அவர் கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது.

அப்போதைய பட்டன் போனின் திரை, குறுக்கே நூற்றிருபத்தெட்டுப் புள்ளி, நெடுக்கே நூற்றிருபத்தெட்டுப் புள்ளி. அதற்குள் ஆறு, மரம், ரவுடி எல்லாம் வர வேண்டும். கதாநாயகன் இருபத்துநாலு புள்ளி உயரம். கண்ணுக்கு ஒரே புள்ளி. “அந்தப் புள்ளிய ஒரு வரிச கீழ எறக்குனா ஆளு அழுவான் மேடம். மேல ஏத்துனா திமிரு புடிச்சவன் மாதிரி இருப்பான். சரியான எடம் கெடைக்க எனக்கு ரெண்டு நாளாச்சு” என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அந்தப் புள்ளிகளை ஓட வைத்தவன் ராபின். நாகர்கோவில் பக்கம். இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திருப்பூரில் மாமா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தவன். அவளைவிட நாலு வயது சின்னவன். முதல் நாளே “ரோஸக்கா” என்று கூப்பிட்டுவிட்டான். நாலாவது மாடியில் தெக்கத்தித் தமிழ் பேசியது அவர்கள் இரண்டு பேர்தான். மத்தியானம் அவன் கொண்டுவரும் மீன் குழம்பை அவளுக்கும், அவள் கொண்டுவரும் எலுமிச்சஞ்சாதத்தை அவனுக்கும் பாதி பாதி வைத்துக்கொள்வார்கள். ராபினைப் பற்றிச் சொல்லும்போது அவள் அதிகம் சொல்லவில்லை. அந்த ‘அக்கா’வைத் தாண்டி அவளுக்கு ஏதாவது தோன்றியதா என்று நானும் கேட்கவில்லை.

படத்தின் கதாநாயகன் ஒரு முறை ஸ்டுடியோவுக்கு வந்தார். திரையில் தன்னைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“என் மீசை எங்கம்மா?”

“இந்தா இருக்கு சார். ரெண்டு புள்ளி.”

“ரெண்டு புள்ளியா? அந்த மீசைக்காகத்தான் பாதிக் கூட்டம் தியேட்டருக்கு வருது.”

அவர் போனதும் இரண்டை நாலாக்கினாள். ஆள் சுருட்டைக் கவ்விக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. ராபின் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். நாலு புள்ளியோடுதான் கேம் வெளியே போனது.

படம் ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் தியேட்டரில் வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஆனால் கேம் நின்றுபோகவில்லை. படமே பார்க்காதவர்கள் எங்கெங்கிருந்தோ எஸ்.எம்.எஸ். அனுப்பி அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தரணீதரன் ஒரு நாள் மாடியேறி வந்து, “படம் பாத்தவங்களவிட கேம் ஆடுனவங்க ஜாஸ்தீங்க” என்றார். அது அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. அவர் அப்பா ஆத்தப்பனும் ஒரே ஒரு தடவை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து பார்த்தார்.

“இதென்ன கண்ணு, எறும்பா?”

“ஹீரோங்க ஐயா” என்றாள் ரோஸ்மேரி.

“ம்” என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு வருடம் நாலாவது மாடிக்கு நல்ல காலம். பதினொரு பேர் ஆனார்கள். கிரிக்கெட், ஆட்டோ, பொங்கல் பானை என்று மாதம் ஒரு கேம் போனது. மற்ற மாடிகளில் கண் வலிக்க வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் மட்டும் சத்தமாகச் சண்டை போட்டுச் சத்தமாகச் சிரிப்பார்கள். இரண்டாவது மாடியில் என் அறை வரைக்கும் அது கேட்கும். ஷிப்மென்ட் நாட்களில் எனக்கு எரிச்சலாக வரும்.

2007 கடைசியில் இரண்டாவது படத்துக்குப் பூசை போட்டார்கள். அமராவதி ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவனின் கதை. அதற்கான கேமை ரோஸ்மேரியும் ராபினும் முன்னாலேயே ஆரம்பித்தார்கள். பரிசல் வட்டமானது, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் சுற்றும். ஆட்களைச் சரியான இடத்தில் உட்கார வைத்து, சுழலில் மாட்டாமல் அக்கரை சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பரிசல் சுற்றுகிற கணக்கை மட்டும் ராபின் ஒன்றரை மாதம் எழுதினான்.

அமராவதிக் கரையில், கொமரலிங்கத்தில் படப்பிடிப்பு தொடங்கிய மூன்றாம் நாள் ஆற்றில் தண்ணீர் குறைந்து பரிசல் தரை தட்டியது. தண்ணீர் வந்தபோது கதாநாயகன் வேறு படத்துக்குப் போயிருந்தார். இரண்டு தடவை தள்ளி வைத்தார்கள். மூன்றாவது தடவை யாரும் தேதியே சொல்லவில்லை. அந்த வருடம் ஆர்டர்களும் இறங்கின. தரணீதரனை அவர் அப்பா காங்கேயம் ரோட்டில் இருந்த நூல் மில்லைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார். சினிமாப் பேச்சு நின்றது. நாலாவது மாடியில் ஒவ்வொருத்தராகக் கோயமுத்தூர், சென்னை, பெங்களூர் என்று கிளம்பினார்கள். ராஜினாமாக் கடிதம் என் மேஜைக்கு வரும். நான் கையெழுத்துப் போடுவேன்.

ராபின் போனது 2008 ஜூலையில். பெங்களூரில் பெரிய கம்பெனி. போகும் அன்று கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அவள் கீபோர்டுக்கு அடியில் வைத்தான்.

“பரிசல முடிச்சிருங்கக்கா.”

“எனக்குப் படம் போடத்தானல தெரியும்.”

“நான் எழுதுனத ஒரு வரி விடாமப் படிங்க. புரியலன்னா போன் போடுங்க.”

அவனைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவிடலாம் என்று நினைத்தாளாம். அவன் மாமா பைக்கில் வந்து நின்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கையசைத்துவிட்டுப் போய்விட்டான். அவள் மாடிக்குத் திரும்பி வந்தாள். ஹாலில் பதினொரு நாற்காலி இருந்தது. தன்னுடையதைத் தவிர பாக்கியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

அதன் பிறகு பதின்மூன்று மாதம் அவள் அங்கே தனியாக இருந்தாள்.

யாரும் அவளை இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஸ்டுடியோவுக்கு மாற்றிய பின்னும் என் பட்டியலில் அவள் பெயர் ‘எம்ப்ராய்டரி – டிசைன்’ என்ற பழைய தலைப்பின் கீழேயே கிடந்தது. காலையில் கேட்டில் கார்டு பஞ்ச் ஆகும், சாயங்காலம் பஞ்ச் ஆகும். மாதக் கடைசியில் நான் டிக் அடிப்பேன். எம்ப்ராய்டரிக்காரர்கள் அவள் சினிமாக்காரி என்று நினைத்தார்கள். சினிமா முடிந்துபோனது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். தரணீதரன் நினைக்கவே இல்லை.

டீக்காரர் மூன்றாவது மாடியோடு நிறுத்திக்கொண்டார். ஓர் ஆளுக்காக முழங்கால் வலிக்க ஏற வேண்டுமா என்று கேட்டபோது அவளே “வேணாம்ணே, நானே எறங்கி வாரேன்” என்றாள். அப்படி இறங்கிப் போன ஒரு நாள் டீ என்று கேட்க வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. அன்று அவள் பேச வாயெடுத்த முதல் வார்த்தை அது, மணி நாலு. முந்தின நாள் எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகப் புரோகிராமின் முதல் பத்து வரியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். குரலுக்கும் ஆச்சு, படிப்புக்கும் ஆச்சு என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். மற்ற மாடிகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. நாலாவது மாடியை அந்த லைனிலிருந்து எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். ஃபேன் நின்றதும் கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவாள். கீழே வேன் வரும், துணி மூட்டை இறங்கும், ஷிப்ட் விட்டு ஆட்கள் போவார்கள். மேலேயிருந்து பார்க்கிற ஆட்களைக் கட்டம் கட்டமாக நோட்டில் போடுவாள். படமே இல்லாமல் போன பிறகு கதாநாயகன் எதற்கு என்று அவனைக் கேமிலிருந்து எடுத்துவிட்டாள். துடுப்பு ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. பரிசலில் ஏறுகிறவர்களும் மாறினார்கள். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டே நடக்கும் கட்டிங் மாஸ்டர். பீகாரிலிருந்து வந்து, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு தினமும் விழும் ஒரு பையன். எப்போதும் உட்கார்ந்தபடியே தூங்கும் வாட்ச்மேன் நஞ்சப்பன்.

ராபினுக்குப் போன் போடுவாள். முதல் மாதங்களில் அவன் அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பான். பிறகு பத்து நிமிடம். பிறகு, “மீட்டிங்ல இருக்கேன்க்கா, நைட்டு கூப்பிடுதேன்” என்பான். கூப்பிட மாட்டான். பிப்ரவரியில் அவன் நிச்சயதார்த்தத்துக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. எல்லோருக்கும் அனுப்பிய அதே செய்தி. அவள் ‘God bless’ என்று பதில் அனுப்பிவிட்டு, அன்று முழுக்க ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள். பரிசல் இடது பக்கம் சுற்றினால் சரியாக இருக்கும், வலது பக்கம் சுற்றினால் கேம் உறைந்துவிடும். ராபின் ஒரு இடத்தில் கூட்டல் போட வேண்டியதைக் கழித்தல் போட்டிருந்தான். சாயங்காலம் நாலே முக்காலுக்கு அதைக் கண்டுபிடித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போட்டாள்.

“கண்டுபுடிச்சிட்டேம்மா.”

“எதட்டீ?”

“ஒண்ணுமில்ல. சாப்ட்டியா?”

அதற்கப்புறம் அவள் ராபினைக் கூப்பிடவில்லை. தேவைப்படவும் இல்லை.

மே மாதத்தில் கேம் முடிந்தது. மொத்தம் இருபது கட்டம், அதாவது இருபது லெவல். எல்லாம் சேர்த்து அறுபத்துநாலு கே.பி.க்குள் அடங்க வேண்டும் என்பது அந்தப் போன்களின் விதி. அடங்கவில்லை. ஆள் எவரையும் எடுக்க மனம் வராமல் பாட்டை எடுத்துவிட்டாள். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் மிஞ்சியது. தரணீதரன் நம்பருக்கு மூன்று நாள் முயன்றாள், அது மாறியிருந்தது. கடைசியில் பிரவுசிங் சென்டருக்குப் போய், இலவசமாகக் கேம் இறக்கிக்கொள்ளும் ஒரு வெப்சைட்டில் ‘Amaravathi’ என்று பேர் வைத்து ஏற்றினாள். முதல் வாரம் நாற்பத்தொரு பேர் இறக்கியதாகக் காட்டியது. அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு கேள்வி வந்தது. இந்தோனேசியாவிலிருந்து புடி என்று ஒருவர். ஒன்பதாவது கட்டத்தில் கோழிக்கூடைக்காரியை எப்படி அக்கரை சேர்ப்பது என்று கேட்டிருந்தார். தப்பும் தவறுமான ஆங்கிலம். அவளுடைய ஆங்கிலத்துக்கு அது தோதாக இருந்தது. கூடையை நடுவில் வை, ஆளை ஓரத்தில் வை என்று எழுதினாள். மறுநாளே சென்டருக்குப் போனாள். நன்றி வந்திருந்தது. அடுத்து பதின்மூன்றாவது கட்டத்துக்கு ஒரு கேள்வி. அடுத்து, இந்த ஆறு நிஜமாகவே இருக்கிறதா என்று ஒரு கேள்வி. நாலாவதாக எழுதியது இது: என் அம்மாவும் விளையாடுகிறாள், தூங்கும் கிழவரை அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதை என்னிடம் சொல்லும்போது ரோஸ்மேரி நஞ்சப்பனைப் போலவே தலையைச் சாய்த்துக் காட்டினாள். இருபதாவது கட்டத்தை முடித்துவிட்டாரோ என்னவோ, அதன் பிறகு புடி எழுதவில்லை. ஒரு மாதம் வரை தினமும் போய்ப் பார்த்தாள். அப்புறம் வாரம் ஒருமுறை.

2009 ஆகஸ்டில், எங்களிடம் துணி வாங்கும் ஒரு வெளிநாட்டுப் பையரின் ஆடிட் வந்தது. மாடி மாடியாக எத்தனை பேர், எத்தனை வாசல், தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவார்கள் என்று கணக்கு கேட்பார்கள். ஆடிட்டர் பிளானைப் பார்த்துவிட்டு நாலாவது மாடியில் யார் என்றார். யாருமில்லை, ஸ்டோர் ரூம் என்றேன். ஜன்னல் திறந்திருக்கிறதே என்றார். நான் மட்டும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறினேன். ஏழு வருடத்தில் அந்தப் படியில் கடைசி வரைக்கும் நான் ஏறியது அன்றுதான்.

சுவரோரம் நாற்காலிகள், மற்றபடி ஹால் முழுக்கக் காலி. ஜன்னல் பக்கம் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் பச்சைக் காட்டன் சேலையில் ஒரு பெண், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க, இங்க எத்தன பேருங்க வேல செய்யறீங்க?”

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். “நா ஒருத்திதான் மேடம்.”

“எந்த செக்‌ஷனுங்க?”

“கேம்ஸ்.”

பேரைக் கேட்டேன். சொன்னாள். அந்தப் பேர் எனக்கு நன்றாகத் தெரியும். மாதாமாதம் டிக் அடித்த பேர். அந்தப் பேருக்கு ஒரு முகம் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

“மத்தவங்க போயி ஒரு வருசமாச்சுங்களே. நீங்க மட்டும் ஏனுங்க இங்கயே இருக்கறீங்க?”

“யாரும் போகச் சொல்லல மேடம். அதோட, பாதி ஆத்துல விட்டுட்டு எப்படிப் போவ? இப்பத்தான் கர சேந்துருக்கு.”

எனக்குப் புரியவில்லை. அவள் கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினாள். கீழே ஆடிட்டர் காத்திருந்தார். அப்புறம் வருகிறேன் என்று இறங்கிவிட்டேன். நாலாவது மாடியில் ஒருவர் என்று எழுதிக் கொடுத்தேன்.

தரணீதரனுக்குத் தகவல் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மில்லிலிருந்து வந்தார். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ரோஸ்மேரி, நீங்க இன்னும் இங்கதான் இருக்கறீங்களா? நெசமாவே மறந்துட்டனுங்க.”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவள் “பரிசல் முடிஞ்சிருச்சு சார்” என்றாள். அவர் தன் புதுப் போனை நீட்டினார். பட்டனே இல்லாத, விரலால் தொடுகிற போன். அதில் அந்தக் கேம் ஏறவில்லை. அவளுடைய பழைய போனில் போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே மூன்று கட்டம் ஆடினார். நாலாவதில் பரிசலைச் சுழலில் விட்டார். ஒரு கணம் அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. அதற்குள் மில்லிலிருந்து அழைப்பு வந்தது, பேசி முடித்துவிட்டு அவள் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. ஆனா இத வெச்சு இப்ப நான் என்னங்க பண்ணட்டும்? படமும் இல்ல, கம்பெனியும் இல்ல.”

“ஒண்ணும் பண்ண வேணாம் சார். ஆரம்பத்துல பேரு வருதுல்ல, அதுல கம்பெனி பேருக்குக் கீழ என் பேரும் ராபின் பேரும் போட்டுக்கிடட்டுமா? கேக்காமப் போடக் கூடாதுன்னு விட்டு வச்சிருக்கேன்.”

“போட்டுக்குங்க. அதுக்கென்னுங்க கேட்டுட்டு” என்றவர், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாத முடிவில் ஸ்டுடியோவை மூடுவது என்றும், அவள் எம்ப்ராய்டரிக்கே திரும்பிக்கொள்ளலாம் என்றும் முடிவாயிற்று.

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நான் நாலாவது மாடிக்குப் போனேன். அப்போதுதான் இதையெல்லாம் சொன்னாள். கேமையும் என் போனில் ஏற்றித் தந்தாள். ஏழாவது கட்டத்தில், கையில் ஃபைலோடு, காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு பெண் பரிசலில் ஏறினாள். மற்றவர்கள் எல்லோரும் துடுப்புக்காரியைப் பார்த்து உட்காருவார்கள். இவள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கரை வந்ததும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

“இது நானுங்களா?”

“ஆமா மேடம். படிக்கட்டுல எப்பவும் போன் பேசிக்கிட்டே போவீங்க. முகம் சரியாத் தெரிஞ்சதில்ல. அதான் திருப்பி வச்சிட்டேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாத்தணும்னா மாத்திடுதேன்” என்றாள்.

“வேண்டாமுங்க. இருக்கட்டும்” என்றேன்.

அவள் எம்ப்ராய்டரிக்குத் திரும்பவில்லை. டிகிரி இல்லை என்று பெங்களூர்க் கம்பெனிகள் பதிலே போடவில்லை. கோயமுத்தூரில், பள்ளிப் பாடங்களைக் கம்ப்யூட்டரில் படமாக அசைய வைக்கும் ஒரு சின்னக் கம்பெனி, கேமை ஆடிப் பார்த்துவிட்டு வரச் சொன்னது. அங்கே இருபத்திரண்டு பேராம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. இத்தனை பேருக்கு நடுவில் எப்படிப் பேசுவது என்று மறந்துபோயிருக்கும் மேடம் என்றாள்.

கிளம்பிய அன்று கம்ப்யூட்டரைக் கீழே இறக்க ஆட்கள் வந்தார்கள். ஹாலில் மறுபடியும் அட்டைப்பெட்டி அடுக்க ஆரம்பித்தார்கள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு சூட்கேஸ், ஒரு கட்டப்பை. லைன் வீட்டில் சாவியைக் கொடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரி, ஊருக்கா என்று கேட்டாளாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம். பேக்கரியில் இரண்டு டீ வாங்கினோம்.

“போன் பண்ணுங்க” என்றேன்.

“பண்ணுதேன் மேடம்.”

“மேடம் வேண்டாமுங்க. மோனிஷான்னே கூப்புடுங்க.”

அவள் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கோயமுத்தூர் பஸ் வந்தது. கூட்டம். சூட்கேஸை டிரைவர் பக்கம் ஏற்றிவிட்டேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. இரண்டு வரிசைக்கு நடுவில், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு கிழவி தன் கூடையை நகர்த்தி அவள் கால் வைக்க இடம் விட்டுக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி குனிந்து அந்தக் கிழவியிடம் ஏதோ சொன்னாள். பஸ் கிளம்பிவிட்டது.